வீரையாவின் கை நின்ற இடம்

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் பிரிக்பீல்ட்ஸில் என்னை வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனான். கிள்ளான் தமிழ்ப் பள்ளியில் என்னிடம் பிரம்படி வாங்கியவன், இப்போது ராணுவத்தில் மேஜர். அன்று அடி வாங்கியவன் இன்று சோறு வாங்கித் தருகிறான். உடற்பயிற்சி வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய பென்ஷன் கிடையாது.

ரசம் ஊற்றும் நேரத்தில் அவன் பேச்சை ஆரம்பித்தான்.

“சார், எங்க கேம்ப்ல புதுசா ஒரு கிளாஸ் வெச்சிருக்காங்க. மைண்ட்ஃபுல்னஸ். வெளிநாட்டு ஆளு வந்து சொல்லித் தராரு. பூட்ஸைக் கழட்டிட்டு கண்ணை மூடிக்கிட்டு நிக்கணும். உடம்பு பாரம் எந்தக் கால்ல இருக்குனு பாக்கணும். மூச்சு எதுவரைக்கும் போகுதுனு பாக்கணும். எல்லாரும் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேக்கறாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு லா.”

“உனக்கென்ன சிரிப்பு?”

“பி.டி. பீரியட்ல இதைத்தானே எங்களைச் செய்ய வெச்சீங்க? ஒழுங்கா நிக்காதவனுக்கு அடி வேற. இதை நீங்க எங்க சார் கத்துக்கிட்டீங்க?”

“கத்துக்கல. சொல்லிக் குடுத்தேன். ஜப்பான்காரன் காலத்துல. பட்டாளத்துக்கு.”

அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். இத்தனை வருடப் பழக்கத்தில் நான் இதை அவனிடம் சொன்னதே இல்லை. எழுதிக் கொடுங்கள் சார் என்று அன்றிலிருந்து ஒரே நச்சரிப்பு. அவன் தொல்லை தாங்காமல்தான் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மை வேறு. எழுதினால் கொஞ்ச நேரம் அந்தத் திடலில் நிற்கலாம்.

பள்ளிக்கூடத்தில்தான் என் தலை நரைத்தது. ஆனால் உத்தியோகம் என்று யாராவது கேட்டால் என் மனம் பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை. நாற்பத்து மூன்று கடைசியிலிருந்து போர் முடியும்வரை நான் வேலை பார்த்த அந்தத் திடலுக்குத்தான் போகிறது.

சிலம்பம் கற்ற கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தேன். தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் வேலை பார்த்த ஒருவர் ஷெட்டுக்குப் பின்னால் கம்பு சுற்றுவார், நானும் போய்ச் சுற்றினேன். திட்டும் குட்டும் நிறைய, அவ்வளவுதான் விஷயம். ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். ஜப்பான்காரன் வந்தான், வேலை போனது, வீட்டில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு ஆனது. பிறகு இந்தியாவை மீட்கப் படை சேர்க்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. துப்பாக்கி பிடிக்கும் ஆசையில் நானும் போய் வரிசையில் நின்றேன்.

முகாம் கோலாலம்பூரின் ஓரத்தில், மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தது. முன்னால் பெரிய திடல். திடல் முடிகிற இடத்தில் ரப்பர் மரங்கள் தொடங்கும். எங்களுக்குப் பொறுப்பு ஒரு சுபேதார். வேலூர்ப் பக்கத்துக்காரர். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்து, சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்டு, பிறகு இந்தப் படைக்கு வந்தவர். பேர் எழுதும்போது என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“இது துப்பாக்கி புடிச்ச காய்ப்பு இல்லியே. இன்னா கம்பு சுத்துவியா?”

“ஆமா சாப்.”

“நல்லதாப் போச்சு. எங்கிட்ட இருக்கற துப்பாக்கி பாதிப் பேருக்குக்கூடப் பத்தாது. மீதிப் பேர் கையில கம்புதான். காலையில சூரியன் வர்றதுக்கு முன்ன திடல் உன்னுது. சூரியன் வந்தா என்னுது.”

துப்பாக்கிக்குப் போனவன் இப்படித்தான் வாத்தியார் ஆனேன்.

சுபேதாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தவே மாட்டார். தாழ்வாகப் பேசுவார், அதனால் கேட்க வேண்டியவன்தான் காதைக் கொண்டுபோக வேண்டும். பூட்ஸ் இல்லாத பட்டாளம் எங்களுடையது. அதனால் மாலையில் எல்லோரையும் வரிசையாகக் காலை நீட்டி உட்காரச் சொல்லி, ஒவ்வொருவர் முன்னும் குனிந்து, விரலிடுக்கைப் பிரித்துப் பார்ப்பார். சேற்றுப்புண் இருந்தால் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் அவரே தடவுவார். முதல் தடவை அவர் என் காலைத் தொட்டபோது எனக்கு உடம்பு கூசிவிட்டது. எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் தட்டை எடுப்பார். பல நாள் அவருக்கு அடியில் ஒட்டிய கஞ்சிதான்.

சிலம்பத்தை மட்டும் அவர் மதிக்கவில்லை. “வாத்தியார், உன் கோயில் திருவிழா முடிஞ்சுதா? என் வேலையைப் பாக்கட்டுமா?” என்பதுதான் அவருடைய காலை வணக்கம்.

என் வேலை இப்படி. பனி ஈரத்தில் எல்லோரும் வெறுங்காலோடு நிற்க வேண்டும். கம்பு கீழே. கண்ணை மூட வேண்டும். “பாரம் எந்தக் கால்ல?” என்று கேட்பேன். எல்லோரும் “ரெண்டு கால்லயும்” என்பார்கள். நான் சத்தமில்லாமல் போய் ஒருவன் தோளில் ஒற்றை விரலை வைத்துத் தள்ளுவேன். சாய்ந்துவிடுவான். பக்கத்திலிருப்பவன் சிரிப்பான், அவனையும் தள்ளுவேன். தன் பாரம் எங்கே இருக்கிறது என்று தனக்கே தெரியாதவன் கையில் கம்பைக் கொடுத்து என்ன பயன்? பிறகு மூச்சு. மூச்சை இழுக்காதே, அடக்காதே, எதுவரைக்கும் போகிறது என்று மட்டும் பார். பயந்தவனுக்குத் தொண்டையோடு நின்றுவிடும். கோபக்காரனுக்கு நெஞ்சில் நிற்கும். வயிற்றுக்கு இறங்கும்வரை கம்பைத் தொட விடமாட்டேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரயில்வே ஷெட்டில் என்னைவிடப் பெரிய ஆட்களிடம் அடி வாங்கி வாங்கி நானே கண்டுகொண்டது.

அங்கேதான் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. ஆள் நிற்கிற நிலையை வைத்து அவன் என்ன வேலை பார்த்தவன் என்று சொல்வேன். மஸ்ஜித் இந்தியா தெருவில் ஜவுளிக்கடையில் நின்ற காதர் குதிகாலில் நிற்பான். நாளெல்லாம் பலகைக்குப் பின்னால் நின்ற உடம்பு. ஆனால் துணி அளந்த கை அல்லவா, கம்பு எட்டுகிற தூரத்தை அவன்போல் யாராலும் கணிக்க முடியாது. ரப்பர்ப் பால் வெட்டுகிற தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் பாரம் வலது முன்பாதத்தில் இருக்கும். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்த கால். அவர்கள் நடந்தாலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மரத்தைச் சுற்றிப்போவதுபோல் லேசாக ஒருபுறம் வளைந்துதான் போவார்கள்.

அப்படி வளைந்து நடந்தவர்களில் ஒருவன் வீரையா.

கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வந்தவன். என் வயதுதான் இருக்கும். ஒல்லி, நீளக் கை, எதற்கும் ஒரு கேள்வி. முதல் நாளே என்னிடம் கேட்டான்:

“வாத்தியாரே, மூச்சு அது பாட்டுக்குப் போயிட்டு வருது. அதைப் போயி ஏன் நாம வேவு பாக்கணும்?”

வரிசையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். வாத்தியார் சிரித்தால் வகுப்பு போச்சு என்பார்கள். எனக்கு அன்று வகுப்பு போகவில்லை, ஒரு சிநேகிதன் கிடைத்தான். மத்தியானம் கிழங்கைப் பிட்டுத் தின்றுகொண்டே அவன் தோட்டத்துக் கதை சொல்வான். துரை விருந்தாளிகளை அழைத்துவந்து அவன் வெட்டிய மரங்களைக் காட்டுவாராம். பால் மரத்தில் பட்டையைத்தான் சீவ வேண்டும். அதற்கு உள்ளே இருக்கிற கட்டையில் கத்தி பட்டால் மரம் காயப்பட்டுப் புடைத்துப்போகும், அந்த இடத்தில் மறுபடி பட்டை ஒழுங்காக வளராது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காசு கனம் விட்டுக் கத்தியை நிறுத்தத் தெரிந்தவன்தான் வேலைக்காரன். வீரையா வெட்டிய மரத்தில் ஒரு புடைப்பு இருக்காதாம். இதைச் சொல்லும்போது அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

அவன் படைக்கு வந்தது இந்தியாவுக்காக மட்டும் இல்லை. அதை அவனே மறைக்கவில்லை. அவன் மனைவி அஞ்சலையின் அண்ணனையும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து இன்னும் பல ஆண்களையும், ரயில் பாதை போடும் வேலை என்று ஜப்பான்காரர்கள் சயாமுக்கு லோரியில் ஏற்றிப்போயிருந்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்ற பேச்சு. ஒருவர்கூடத் திரும்பவில்லை. அடுத்த லோரி எப்போது வரும் என்று தோட்டமே நடுங்கிக்கொண்டிருந்தது. படையில் சேர்ந்தவனைத் தொட மாட்டார்கள் என்றார்கள், ஓடி வந்துவிட்டான். இங்கிருந்து பெயர் எடுபட்டால் அவனுக்குப் போக்கிடம் அந்த லயம்தான். அங்கே போனால் லோரிதான்.

பயனெட் பயிற்சி தொடங்கிய பிறகு அவனுக்குக் கஷ்டகாலம் வந்தது. துப்பாக்கி முனையில் கத்தியை மாட்டி ஓடிவந்து குத்துகிற பயிற்சி அது. கோணிச் சாக்கில் லாலான் புல்லை அடைத்து, திடல் ஓரத்து ரப்பர் மரங்களில் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். கோட்டிலிருந்து கூச்சலிட்டபடி ஓடி, இடது காலை ஊன்றி, குத்தி, திருகி, உருவ வேண்டும். தோட்டத்து ஆட்கள் எல்லோருமே முதலில் மேலோட்டமாகத்தான் குத்தினார்கள். சில நாளில் மற்றவர்களுக்குச் சரியாகிவிட்டது. வீரையாவுக்கு மட்டும் ஆகவில்லை. புயல்போல ஓடிவருவான். எல்லோரையும்விட அவன் கத்தல்தான் பெரிது. முனை சாக்கில் படும். அங்கேயே நிற்கும். சாக்கில் ஒரு நூல்கூட அறாது.

சுபேதார் சில நாள் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அவன் பேரை எடுத்துடறேன்.”

“சாப், கொஞ்சம் பொறுங்க.”

“பயந்தவனை பர்மாவுக்குக் கூட்டிட்டுப் போனா அவனும் சாவான், பக்கத்துல இருக்கறவனும் சாவான்.”

“இங்கிருந்து போனா அவனுக்குச் சயாம் லோரிதான் சாப்.”

“அது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா?” என்றார் அதே தாழ்ந்த குரலில். மரங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். “சனிக்கிழமை பெரிய ஆபீசர் பாக்க வராரு. அவர் எதிர்ல குத்தலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. அதுவரைக்கும் உன் கையில வெச்சுக்க.”

அன்று சாயங்காலம் வீரையாவை மரத்தடிக்கு அழைத்துப் போனேன். ஓட வேண்டாம், கத்த வேண்டாம், நடந்து வந்து குத்து என்றேன். நான் அவன் முதுகிலும் வயிற்றிலும் கை வைத்து மூச்சைப் பார்த்தேன். பயத்தில் முதலில் நிற்பது மூச்சு, அதற்குப் பிறகுதான் கை. அந்த வரிசை மாறாது. இவனுக்கோ மூச்சு வயிறு வரை இறங்கி, குத்தும்போது முழுதாக வெளியே வந்தது. கை மட்டும் நின்றது. மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் அதே. இவன் பயப்படவே இல்லை.

“குத்தும்போது என்ன நெனைக்கிற?”

“ஒன்னும் நெனைக்கல வாத்தியாரே. நானும்தான் குத்தறேன். அது போவ மாட்டேங்குது.”

“கண்ணை மூடு. இன்னும் மெதுவாக் கொண்டு போ. எங்க நிக்குதோ அங்க சொல்லு.”

மூடினான். ஆமை வேகத்தில் துப்பாக்கியை முன்னே கொண்டுபோனான். முனை சாக்கைத் தொட்டதும் அவன் மணிக்கட்டு பூப்போல இளகியது. என் கண்ணால் பார்த்தேன்.

“இங்கதான்,” என்றான். பிறகு அவனே சிரித்தான். “அடப்பாவி. கட்டையில பட்டுடும்னு கை சொல்லுது வாத்தியாரே. சாக்குக்குப் பின்னால மரம் இருக்குல்ல. மரம்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை வருடம் விடியலில் எழுந்து, அத்தனை மரத்தில் பழகிய கை. இதை எப்படிச் சில நாளில் மாற்றுவது? நேராகச் சுபேதாரிடம் போனேன். சாக்கை மரத்தில் கட்டாமல் இரண்டு கம்பம் நட்டுத் தொங்கவிடலாம், அவன் குத்திவிடுவான் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்டார்.

“பர்மாவுல எதிரி எவனும் மரத்துல சாஞ்சு நிக்க மாட்டான்னு எழுதிக் குடுக்கிறியா?”

அவர் கேட்டது சரிதான்.

கையோடு சண்டை போட்டால் கைதான் ஜெயிக்கும் என்று எனக்குத் தெரிந்தது. ஆகவே கையை விட்டுவிட்டேன். சிலம்பத்தில் அடி கையிலிருந்து வருவதில்லை, பின்னங்காலின் குதியிலிருந்து கிளம்பி இடுப்பு வழியாகத்தான் வரும். கை வெறுமனே பிடித்துக்கொண்டிருக்கும். “கையை மறந்துடு. உன் குதிகாலை மட்டும் பாரு. குதிகால் மண்ணைத் தள்ளணும், அவ்வளவுதான் உன் வேலை,” என்றேன். துப்பாக்கியை வாங்கிவைத்துவிட்டு, வெறுங்கையோடு என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துத் தள்ளச் சொன்னேன். முதலில் கையால் தள்ளினான். நான் அசையவில்லை. பிறகு இடுப்பால். கடைசியில் ஒரு தடவை குதிகால் மண்ணில் புதைய ஒரு தள்ளு தள்ளினான், நான் மல்லாக்க விழுந்தேன். ஓடிவந்து தூக்கிவிட்டு, “அடிபட்டுச்சா வாத்தியாரே?” என்று என் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் விழுந்ததில்லை.

அந்தச் சில நாட்களில் நான் சாப்பிட்டதும் தூங்கியதும் நினைவில்லை. அவன் குதிகால் மட்டும் நினைவிருக்கிறது. வெடித்த குதிகால், வெடிப்பில் செம்மண்.

சனிக்கிழமை பெரிய அதிகாரி வந்தார். ஒவ்வொருவனாக ஓடிக் குத்தினான். வீரையா முறை வந்தது. கோட்டில் நின்று ஒரு நொடி கண்ணை மூடினான். அவன் என்ன பார்க்கிறான் என்று அந்தத் திடலில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஓடினான். இடது கால் ஊன்றியது. பயனெட் சாக்கைத் துளைத்து மரத்துக்குள் இறங்கி நின்ற சத்தம் எங்கள் வரிசை வரை கேட்டது. உருவ முடியாமல் மரத்தில் காலை வைத்து இழுத்தான். அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்தவனைப் பார்த்தார்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சயாம் லோரி இனி இவனுக்கு இல்லை.

எல்லாம் முடிந்து வரிசை கலைந்த பிறகு அவனைக் காணவில்லை. தேடிப் போனேன். மரத்தடியில் மண்டியிட்டிருந்தான். சாக்கை அவிழ்த்துக் கீழே வைத்திருந்தான். மரத்தின் காயத்திலிருந்து பால் வழிந்துகொண்டிருந்தது. ஈர மண்ணைக் குழைத்துக் காயத்தின்மேல் வைத்து, விரலால் அழுத்தி, ஓரத்தைப் பூசிக்கொண்டிருந்தான். தோட்டத்தில் கத்தி தவறிப் பட்டால் அப்படித்தான் செய்வார்களாம். என்னைப் பார்த்து அசடு வழிந்தான்.

“யாரோட மரமோ வாத்தியாரே.”

அப்போதுதான் பின்னால் சுபேதார் நிற்பதைக் கவனித்தேன். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. வீரையா எழுந்து விறைத்து நின்றான், கையெல்லாம் மண்.

“முடிச்சுட்டு வா,” என்றார்.

நடக்கும்போது என்னிடம், “இவனை, அடிபட்டவங்களை ஸ்ட்ரெச்சர்ல தூக்கறவங்களோட போடறேன்,” என்றார்.

“அங்கதான் போடறதுன்னா எதுக்கு சாப் குத்த வெச்சீங்க?”

“குத்தத் தெரியாதவனை நான் எவர் எதிர்லயும் நிறுத்த முடியாது. தெரிஞ்சவனை எங்க வேணா போடலாம். அது என் கையில இருக்கு.”

மறுநாள் விடியலில் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது திடலின் மறுகோடியைப் பார்த்தேன். சுபேதார் தன் பழைய பட்டாளத்து பூட்ஸைக் கழற்றிவைத்துவிட்டு ஈரப் புல்லில் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன். சூரியன் வந்ததும் வழக்கம்போல, “திருவிழா முடிஞ்சுதா?” என்றார்.

எங்கள் பிரிவு வடக்கே கிளம்பும் நாள் வந்தது. நானும் மூட்டை கட்டினேன். சுபேதார் அவிழ்க்கச் சொன்னார். “அடுத்த ஆளுங்க வராங்க. அவங்களுக்கு நிக்கச் சொல்லிக் குடுக்க யாரு இருக்கா?” அவ்வளவுதான். அவரிடம் நான் கெஞ்சினேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. அவர் மசியவில்லை.

கோலாலம்பூர் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். அஞ்சலை கிள்ளானிலிருந்து வந்திருந்தாள். கிழங்கு மாவில் ஏதோ சுட்டு வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். என்னிடம் வந்து, “எங்கண்ணன் போன எடத்துக்கு இவரு போவாம நீங்கதான் காப்பாத்துனீங்க,” என்று கும்பிட்டாள். வீரையா ஜன்னலில் தலையை நீட்டி, “வாத்தியாரே, அடுத்த ரயில்ல வந்துருங்க. உங்களுக்கு எடம் புடிச்சு வெக்கிறேன்,” என்றான். எந்தப் பாதை வழியாகப் போவார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பர்மா வடக்கே இருக்கிறது, ரயிலும் வடக்கே போகிறது, அதற்குமேல் நாங்கள் யோசிக்கவில்லை.

அடுத்த ரயில் எனக்கு வரவே இல்லை. போர் முடிந்தது. முகாம் கலைந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். நான் மறுபடியும் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து ரயில்வே ஒர்க்ஷாப்பில் சேர்ந்தேன். அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் காதர் வந்தான். ஜவுளிக்கடைக் காதர். பாதி ஆளாக இருந்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்.

“சயாம் பாதையிலதான் கூட்டிட்டுப் போனாங்க வாத்தியாரே. நம்ம தோட்டத்து ஆளுங்க போட்ட அதே தண்டவாளம். காட்டுக்கு நடுவுல விறகு ஏத்த வண்டி நின்னுச்சு. பக்கத்துல ஒரு அத்தாப்பு ஓலைக் கொட்டகை. உள்ள நம்ம ஜனங்க. காலராவா காய்ச்சலா தெரியல, எழுந்து உக்காரக்கூட முடியல. தண்ணி தண்ணின்னு தமிழ்ல சத்தம். வீரையா வாளியை எடுத்துக்கிட்டு எறங்கிட்டான். நாங்களும் ரெண்டு நடை தண்ணி கொண்டு போனோம். வண்டி ஊதுச்சு. நாங்க ஓடி வந்து ஏறிட்டோம். அவன் வரல.”

“சுபேதார்?”

“வாசல்ல நின்னுக்கிட்டு, ஏறுடான்னாரு. இன்னும் அந்தக் கடைசியில இருக்கறவங்களுக்குக் குடுக்கல சாப்புன்னான். வண்டி நகருது. அவன் அவரையே பாத்துக்கிட்டு நிக்கிறான், கையில வாளி. சுபேதார் தன்னோட பையை அப்படியே கழட்டி அவன்கிட்ட எறிஞ்சாரு. காய்ச்சலுக்குக் குடுக்கற கொய்னா மாத்திரையெல்லாம் அதுலதான் வெச்சிருந்தாரு. அடுத்த எடத்துல ஆள் கணக்குக் கேட்டாங்க. காய்ச்சல், நான்தான் எறக்கி விட்டேன்னு சொல்லிட்டாரு. அவரும் பர்மாவுல போயிட்டாரு வாத்தியாரே.”

இதை நான் அஞ்சலையிடம் சொல்ல வேண்டியிருந்தது. கிள்ளானுக்குப் போய் லயத்து வாசலில் நின்று சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யாரும் தள்ளி வுடலியே? அவராத்தானே எறங்குனாரு?”

“அவனாத்தான்.”

“எங்கண்ணன் அங்க இருந்துச்சா?”

“காதருக்குத் தெரியல அம்மா. கேக்க நேரமில்ல.”

“இருந்திருந்தா தண்ணி குடுத்திருப்பாரு,” என்றாள். உள்ளே போய் எனக்குக் காப்பி கலந்து கொண்டுவந்தாள்.

அதற்குப் பிறகு சயாமில் பிழைத்தவர்களை ரயிலில் கொண்டுவரத் தொடங்கினார்கள். ரயில் வருகிறது என்று தெரிந்தால் அவள் கிள்ளானிலிருந்து வந்துவிடுவாள். நான் ஒர்க்ஷாப்பிலிருந்து கிரீஸ் கையோடு போவேன். இறங்கியவர்களைப் பார்த்தால் மகனைத் தாய்க்கே அடையாளம் தெரியாது, எல்லோருக்கும் ஒரே எலும்பு முகம். அவள் முகங்களைப் பார்த்தாள். நான் கால்களைப் பார்த்தேன். வீரையா நடந்தால் நூறு பேரில் கண்டுபிடித்துவிடுவேன் என்று நம்பினேன். அவர்கள் பிளாட்பாரத்தில் நடந்து வந்தார்கள். வலது முன்பாதத்தில் பாரம், லேசாக ஒருபுறம் வளைந்த நடை. முதல் ஆளைப் பார்த்து ஓடினேன். அவன் இல்லை. இரண்டாவது ஆளும் அப்படித்தான் நடந்தான். அதற்குப் பின்னால் வந்தவனும். வந்தவர்கள் எல்லோரும் பால் வெட்டியவர்கள்.

சில மாதங்கள் இப்படிப் போயின. ஒரு நாள் வெறும் பிளாட்பாரத்தில் அஞ்சலை சொன்னாள்:

“நீங்க இனிமே வராதீங்க வாத்தியாரே. வேலையக் கெடுத்துக்கிட்டு எதுக்கு? உசுரோட இருந்தா எங்க எறங்குனாலும் லயத்துக்குத்தான் வருவாரு. நான் அங்கதான் இருக்கேன்.”

நியாயமான பேச்சு. அவன் தேடி வர வேண்டியது அவளைத்தான். எனக்கு அவன் யார்? சில மாதப் பழக்கம். சரி அம்மா என்று தலையாட்டினேன்.

அடுத்த ரயிலுக்கும் போனேன். சயாமிலிருந்து ஆள் வருவது நின்றுபோன பிறகும் போனேன். கிள்ளானில் பள்ளிக்கூட வேலை கிடைத்துப் போனபிறகு, கோலாலம்பூர் வரும்போதெல்லாம் ஒரு ரயில் விட்டு அடுத்த ரயிலில்தான் திரும்புவேன். யாரைத் தேடுகிறீர்கள் என்று என் மனைவி கேட்பாள். யாருமில்லை என்பேன். எனக்கு அவனைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது எனக்கே கைத்தடி வந்துவிட்டது. அவன் எங்காவது இருந்தால் அவனும் கைத்தடி ஊன்றித்தான் நடப்பான், அந்த நடை அவனிடம் மிஞ்சியிருக்காது. எதிரில் வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. தெரியாது என்று தெரிந்துதான் இன்னும் எல்லோர் காலையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.